பார்க்காமல் எழுதிய இருநூறு

அன்று காலை எட்டே முக்காலுக்கே அவள் வந்துவிட்டாள். வகுப்பு ஒன்பது மணிக்கு. புதிதாகக் கொடுத்திருந்த பாதுகாப்பு ஷூவை வாசலில் கிடந்த சாக்கில் இரண்டு முறை தேய்த்துவிட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"வரலாமா அண்ணா?"

"வாம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பயிற்சி அறை என்று பெயர்தான். முன்பு அது எங்கள் ஆலையின் கழிவுநீர் பம்புகள் ஓடிய கொட்டகை. பம்புகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, இருபது நாற்காலி போட்டு, ஒரு திரையைத் தொங்கவிட்டார்கள். ஜன்னல்கள் ஆள் எட்டாத உயரத்தில், கைக்குட்டை அகலத்தில் இருக்கும். படம் காட்ட விளக்கை அணைத்தால், வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே பக்கத்து ஆள் முகம் தெரியாது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரின் கீழ்ப்பகுதியில் ஈரம் ஏறி, பழைய எண்ணெய் வாடை வந்துகொண்டே இருக்கும். பின்பக்கம் ஓர் ஆழமான குழி உண்டு. அதைக் காயவைத்து, ஏணி இறக்கி, செய்முறைப் பயிற்சிக்கு வைத்திருக்கிறோம்.

அந்த அறையில் பதினோரு வருடமாக நான்தான் பாடம் எடுக்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு வாயு வந்தால் என்ன செய்வது, எந்தப் பக்கம் ஓடுவது, மாஸ்க்கை எப்படி மாட்டுவது. அதனால் எல்லோருக்கும் நான் வாத்தியார்.

அவள் முன்வரிசையில், என் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து தேதி எழுதினாள். பேனா மூடியை எடுத்துப் பேனாவின் பின்பக்கம் செருகினாள். பள்ளிக்கூடம் போகிறவளைப் போல அத்தனை ஒழுங்கு. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அவள் நெட்டையின் மனைவி.

நெட்டை என்னோடு வேலை பார்த்தவன். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆறு வருடத்துக்கு முன்னால் மூன்றாம் நம்பர் கழிவுக்குழிக்குள் செத்துப்போனான். அவன் போன பிறகு அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவும் வேலை கொடுத்தார்கள். ஆய்வுக்கூடத்து ஆட்களும் வருடம் ஒருமுறை என் வகுப்புக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. அவள் ஒரு முறைகூட வந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் அவள் வந்ததாக நானே வருகைப் பதிவில் டிக் அடித்து, நானே சான்றிதழும் எழுதி, ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வகுப்பு. பழசெல்லாம் ஞாபகம் வரும்."

"நீங்க இல்லன்னா எனக்கு யாருண்ணா" என்று கண் கலங்குவாள்.

நல்ல மனுஷன் என்று என்னைப் பற்றி ஆய்வுக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். இந்த வருடம் தணிக்கைக்கு வந்தவர்கள், எல்லோரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்கள். என் நல்ல குணம் அதோடு முடிந்தது.

அவள் வரக்கூடாது என்று நான் நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. என் வகுப்பில் நெட்டையைப் பற்றி ஒரு கதை உண்டு. பெயர் சொல்லமாட்டேன், 'நம்ம ஆள் ஒருத்தர்' என்பேன். ஆனால் எல்லோருக்கும் தெரியும். மாஸ்க் மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார், வேலை நடுவில் மாஸ்க்கைக் கழற்றினார், அங்கேயே விழுந்தார். இவ்வளவுதான் கதை. விசாரணை அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. முதல் வருடம் இதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். பிறகு பழகிவிட்டது. கண் காது மூக்கு வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அதிலும் மூக்கை விசேஷமாக வைத்தேன். ஏன் கழற்றினார் தெரியுமா, மூக்கு அரித்ததாம், சொறிந்துகொள்ளக் கழற்றினாராம் என்று சொல்லி, நானே மாஸ்க்கைத் தூக்கி மூக்கைச் சொறிந்து காட்டுவேன். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். மதியத்துக்கு மேல் தூங்கி வழிகிற ஆட்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். உங்க கதைதான் சார் மனசுல நிக்குது என்று மேலாளரே என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார்.

நடந்தது அதுவல்ல.

அன்று காலை எனக்கு ஒரு வகுப்பு இருந்தது. முதுகில் சுமக்கும் சிலிண்டரும் மாஸ்க்கும் சேர்ந்த மூச்சுக்கருவி செட் ஒன்றை எடுத்துவந்து, அரை மணி நேரம் மாட்டிக் காட்டினேன். சிலிண்டர் நிறைந்திருந்தால் மீட்டர் இருநூறு காட்டும். நான் காட்டி முடித்தபோது எழுபதோ என்னவோ இருந்திருக்கும். நிரப்ப அனுப்ப வேண்டும். மதியம் அனுப்பலாம் என்று அப்படியே கொக்கியில் மாட்டினேன். சிலிண்டர் அளவு எழுதும் பதிவேட்டில் அன்றைய கட்டத்தில் காலையிலேயே இருநூறு என்று எழுதியிருந்தேன். எல்லோரும் அப்படித்தான். மேல் வரியில் இருநூறு, அதற்கு மேல் வரியிலும் இருநூறு, நாமும் இருநூறு. மீட்டரைப் பார்த்து எழுதியவனை நான் கண்டதில்லை.

பதினோரு மணிக்கு மூன்றாம் நம்பர் குழியில் வால்வு சிக்கிக்கொண்டது. நெட்டை அந்த செட்டை மாட்டிக்கொண்டு இறங்கத் தயாரானான். மேலே நின்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டான்.

"வாத்தியாரே, எவ்வளவு இருக்கு?"

என் கையில் பதிவேடு இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

"இருநூறு. இறங்கு."

இரண்டு, மூன்று நிமிடத்தில் விசில் ஊதியது. காற்று தீரப்போகிறது என்று செட்டே எச்சரிக்கிற விசில் அது. பழைய செட்டுகளில் அது அடிக்கடி சும்மாவும் ஊதும். குழியின் அடியிலிருந்து நெட்டை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். காதைத் தொட்டுக் காட்டி, என்ன என்று கையை விரித்தான். அந்த இருட்டில் தோளில் தொங்கும் மீட்டரைக் குனிந்து தேடுவதைவிட, மேலே நிற்கும் நண்பனைக் கேட்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இருநூறோடு போனவனுக்கு அதற்குள் எப்படித் தீரும் என்று நான் நினைத்தேன். நானே எழுதிய பொய்யை நானே நம்பினேன். சும்மா ஊதுது, நீ வேலையைப் பாரு என்று கையை ஆட்டினேன்.

அவன் திரும்பி வேலையைப் பார்த்தான்.

காற்று தீர்ந்ததும் மாஸ்க் முகத்தோடு ஒட்டி மூச்சை அடைக்கும். அதைப் பிய்த்து எறியாதவன் உலகத்தில் கிடையாது. அவனும் பிய்த்தான். ஏணியில் இரண்டு படி ஏறியிருந்தான். வேறு செட் இல்லாமல் நான் இறங்கியிருந்தால் நானும் செத்திருப்பேன், அதனால் ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன். அது ஒன்றுதான் அன்று நான் சரியாகச் செய்தது.

மேலே கொண்டுவந்தபோது சிலிண்டர் காலி. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருமுறை மூச்சிழுத்து வால்வு திறந்த பிறகு மாஸ்க் கழன்றால், மிச்சக் காற்று தானாகப் பீறிட்டு வெளியேறிவிடும். பதிவேட்டில் இருநூறு இருந்தது. அப்படியானால் அவனேதான் கழற்றியிருக்க வேண்டும். விசாரணையில் என்னை இரண்டே கேள்விதான் கேட்டார்கள். மீட்டர் பார்த்தீர்களா? பார்த்தேன். எவ்வளவு? இருநூறு. வாய் கூசாமல் சொன்னேன்.

அவளுக்குச் செய்தி சொல்லப் போனதும் நான்தான்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால், குற்றம் செய்தவன் தூக்கம் கெட்டுப் பேயைப் பார்க்கிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மீட்டருக்குத் தூக்கம் கெடாதே.

கதையைச் சொல்ல ஆரம்பித்த முதல் வருடமே கவனித்தேன். மாட்டிக்காட்டுவதற்காக மேசைமேல் ஒரு செட்டை, வால்வைத் திறந்து தயாராக வைத்திருப்பேன். கதை தொடங்கும்போது முள் இருநூறில் நிற்கும். சொல்லி முடிக்கும்போது நூற்று எழுபது. எங்கேயோ கசிவு என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. குழாயை மாற்றினேன், சிலிண்டரை மாற்றினேன், செட்டையே மாற்றினேன். கதை சொல்லாத நாளில் முள் அசையாது. சொன்னால் இறங்கும். மூக்கைச் சொறிந்து காட்ட ஆரம்பித்த பிறகு இன்னும் வேகமாக இறங்கியது.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மாஸ்க்கைத் துடைக்க எடுத்தேன். கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்திருந்தது.

அன்று அதை யாரும் மாட்டவேயில்லை.

அப்போதே கதையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது இன்னும் கொஞ்சம் உண்மையாகிறது என்று எனக்கு ஒரு கணக்கு. சிலிண்டரை நிரப்பி வைப்பேன், பதிவேட்டில் இருநூறு எழுதுவேன், வீட்டுக்குப் போவேன். மனுஷன் எதற்கும் பழகிக்கொள்வான் என்பதற்கு நானே அத்தாட்சி.

ஒன்பது மணிக்கு மொத்தம் பதினோரு பேர் வந்து சேர்ந்தார்கள். விளக்கை அணைத்து, திரையில் படத்தைப் போட்டேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வாயு இருக்கிறது என்று அர்த்தம். நாற்றம் திடீரென்று நின்றுபோனால் இன்னும் மோசம். வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், மூக்கு செத்துப்போய்விட்டது என்று நினையுங்கள். இந்த வரியை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று திணறினேன். அவள் ஒவ்வொரு சொல்லாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். திரையின் வெளிச்சத்தில் அவள் பேனா ஓடுவது மட்டும் தெரிந்தது.

கதை வரவேண்டிய இடத்தில் அதை விழுங்கிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவினேன்.

"என்ன வாத்தியாரே, மூக்குக் கதைய விட்டுட்டீங்க?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பம்ப் ஓட்டுபவர். மூன்றாவது முறையாக என் வகுப்புக்கு வருகிறார். கெட்டவர் இல்லை, ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். அன்று வந்திருந்த பெண்மணி யாரென்று அவருக்குத் தெரியாது.

"நேரமில்ல" என்றேன்.

"அதான் முக்கியமே. நான் சொல்றேன் விடுங்க."

"வேணாம்."

"அட, உங்களவிட நல்லா சொல்வேன் பாருங்க" என்று எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம ஆளு ஒருத்தரு, மூணாம் நம்பர் குழில எறங்கினாரு..."

முன்வரிசையில் பேனா நின்றது.

நான் அவரைத் தடுத்திருக்கலாம். விளக்கைப் போட்டிருக்கலாம், உட்காருய்யா என்று அதட்டியிருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்தேன். அந்தப் பயத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வாடை வந்தது. லேசாக, அழுகிய முட்டை. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எல்லோர் சட்டையிலும் வாயு காட்டும் கருவி மாட்டியிருந்தது. ஒன்றும் கத்தவில்லை. எல்லாவற்றிலும் பூஜ்யம்.

பம்ப் ஓட்டுபவர் கதை ஜோரில் இருந்தார். "மாஸ்க்குக்குள்ள மூக்கு அரிக்குது. என்ன பண்ணுவாரு மனுஷன்? குழி ஆச்சே, வாயு ஆச்சேன்னு பாக்காம..."

வாடை நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் முன்னால்தான் அவர்களுக்கு நான் பாடம் நடத்தியிருந்தேன். இருட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பம்ப் ஓட்டுபவர்கூட பாதியில் நிறுத்திவிட்டார்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மேசைமேல் இருந்த மாஸ்க் காற்றை இழுத்தது.

ஹ்ஸ்ஸ்.

பிறகு விட்டது.

மாட்டியிருக்கும் ஆள் மூச்சிழுத்தால்தான் அந்த வால்வு திறக்கும். மறுபடியும் இழுத்தது. ஒரு சின்னத் தயக்கம், பிறகு இன்னொரு குட்டி இழுப்பு, பிறகு நீளமாக வெளிவிடுதல். அதே மாதிரி மறுபடியும். அவசரமே இல்லாத மூச்சு. திரையின் வெளிச்சத்தில் மாஸ்க்கின் கண்ணாடி மங்குவதும் தெளிவதுமாக இருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலி நுனிக்கு நகர்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

"அண்ணா" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "இது அவரு மூச்சு."

நான் மாஸ்க்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பதினாலு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். தூங்கறப்ப இப்படித்தான். நடுவுல ஒரு தடவ நின்னு, சின்னதா இழுப்பாரு." அவள் பம்ப் ஓட்டுபவரைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு மூக்கச் சொறியவா கழட்டினாரு?"

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

விசில் ஊத ஆரம்பித்தது. மெல்லிய, ஒரே சீரான விசில். அந்தச் சின்ன அறையில் அது பல்லைக் கூசவைத்தது. மூச்சு இப்போது வேகமாகியிருந்தது. இழுப்புக்கும் விடுதலுக்கும் நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

"காத்து தீருது அண்ணா. எவ்வளவு இருக்கு?"

அவள் எழுந்து எனக்கு நேரே நின்று கேட்டாள். பதிவேடு என் கைக்குக் கீழேதான் இருந்தது. அன்று காலையும் அதில் இருநூறு என்று எழுதியிருந்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகும் அந்தக் கட்டத்தை மீட்டரைப் பார்க்காமலேதான் நிரப்பிக்கொண்டிருந்தேன். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தெரியாதும்மா" என்றேன். "நான் பாக்கல."

"என்ன பாக்கல?"

"இன்னைக்கும் பாக்கல. அன்னைக்கும் பாக்கல. எவ்வளவு இருக்குன்னு கேட்டான். நோட்டப் பாத்து இருநூறுன்னு சொன்னேன். அதுல பாதி காத்துகூட இல்லம்மா. காலைலயே நான் தீத்து வச்சிருந்தேன். விசில் ஊதினப்பகூட என்னதான் பாத்துக் கேட்டான். சும்மா ஊதுதுன்னு கைய காட்டினேன். மூச்சு முட்டித்தான் கழட்டினான். மூக்கு அரிச்சதெல்லாம் நான் சேத்தது."

விசில் நின்றது. மூச்சும் நின்றது. வெளியே சாலையில் போன வண்டிச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள். முள் நாற்பதில் நின்றிருந்தது.

பதினோரு பேர் முன்னால் நான் கூனிக் குறுகி நின்றேன். அடிப்பாள், கத்துவாள், நோட்டை முகத்தில் விட்டெறிவாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைவிட ஆசைப்பட்டேன் என்று சொல்லலாம்.

அவள் பேனாவை மூடினாள்.

"நான் ஆறு வருஷமா அவரத் திட்டிக்கிட்டு இருக்கேன் அண்ணா" என்றாள். "அப்பா ஏம்மா மாஸ்க்க கழட்டினாருன்னு பொண்ணு கேட்டப்ப, உங்கப்பா ஒரு அவசரக்குடுக்கைடின்னு சொன்னேன். எதுலயும் பொறுமை கெடையாதுன்னு சொன்னேன். அவ அதையே நம்பிட்டு வளந்திருக்கா. அவரு போட்டோவக்கூட அவ நிமிந்து பாக்கறதில்ல."

"எழுதிக் குடுத்துடறேம்மா. இன்னைக்கே மேலாளர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன்."

"குடுங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செய்முறை இருக்கில்ல?"

"இன்னைக்கு வேணாம்மா."

"வேணும். கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போக நான் வரல. குழிக்குள்ள வழக்கமா யாரு எறங்குவாங்க?"

"வகுப்புக்கு வந்தவங்க. நான் மேல நிப்பேன்."

"இன்னைக்கு நீங்க எறங்குங்க. நான் மேல நிக்கறேன்."

பம்ப் ஓட்டுபவர் போய், கிடங்கிலிருந்து புது சிலிண்டர் ஒன்றைத் தோளில் சுமந்துவந்து, மேசைமேல் இருந்த அதே செட்டில் பொருத்தினார். நான் அதை முதுகில் மாட்டிக்கொண்டேன். எல்லோரும் பின்பக்கக் குழிக்குப் போனோம். காய்ந்த குழி, வாயு கிடையாது, அடியில் தூசியும் ஒரு பழைய வாளியும்தான். குழிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான். அங்கே சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டி நான் நின்றேன். மற்றவர்கள் எல்லோரும் குழிக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். அவள் மட்டும் குழியைச் சுற்றி வந்து என் பக்கவாட்டில் நின்றாள். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, என் தோளில் தொங்கிய மீட்டரை இடது கையில் பிடித்து, கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு" என்றாள். "அப்படியே எழுதறேன்."

முழங்கைக்குள் இடுக்கியிருந்த பதிவேட்டில் வலது கையால் எழுதினாள். அந்தப் பதிவேட்டில் இருநூறு அல்லாத ஒரு எண் விழுந்தது அன்றுதான்.

மாஸ்க்கைத் தூக்கி முகத்தில் வைத்தேன். உள்ளே ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்தது போல. தலைக்குப் பின்னால் இருக்கும் பட்டைகளை இழுத்து இறுக்க வேண்டும். முதலில் தாடைப் பட்டை, பிறகு நெற்றிப் பொட்டுப் பட்டை, கடைசியில் உச்சிப் பட்டை. பதினோரு வருடம் சொல்லிக்கொடுத்த வரிசை. பட்டையின் நுனி விரலில் அகப்படவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டேன்.

தாடைப் பட்டைகள் இரண்டும் ஒரே சமயத்தில் இழுபட்டன.

யாராவது உதவுகிறார்கள் என்று நினைத்தேன். எதிரே பார்த்தேன். பத்துப் பேரும் குழிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பத்துப் பேர் கையும் எனக்குத் தெரிந்தது. அவள் ஒரு கையில் மீட்டர், மறு கையில் பேனா.

என் முதுகுக்குப் பின்னால் சுவர்தான்.

பொட்டுப் பட்டைகள் இறுகின. அவசரமில்லாமல், இடது கொஞ்சம், வலது கொஞ்சம் என்று சமம் பார்த்துப் பார்த்து இறுகின. மாஸ்க்கின் ஓரத்தை ஒரு விரல் சுற்றிவந்து, காற்று கசிகிறதா என்று சோதித்தது. நெற்றியில் விழுந்திருந்த முடியை எடுத்து வெளியே தள்ளியது. கூட நிற்பவன் செய்ய வேண்டிய சோதனை அது. அன்று அவனுக்கு நான் செய்யாத சோதனை. என் கழுத்தை நெரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. மாஸ்க்குக்குள் நான் அழுத கண்ணீர் வாயோரம் இறங்கியது, துடைக்க வழியில்லை.

உச்சிப் பட்டை இறுகியது. பட்டையின் கொக்கியில் ஒரு பல், இன்னொரு பல், இன்னும் ஒன்று.

அவள் மீட்டரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"போதுங்க. ரொம்ப இறுக்காதீங்க. அண்ணனுக்கு வலிக்கும்."

பட்டை ஒரு பல் தளர்ந்தது.